பின் அட்டையில் ஒரு பெயர்

தென்காசியில் ஜெயபிரியா ஒரு கமாவை இடம் மாற்றி வைத்தால் ஒன்பது நாட்டு வெளியுறவு மந்திரிகளுக்கு அன்று தூக்கம் வராது.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மந்திரிகள் அந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. மந்திரிக்குக் கீழே ஒரு செயலாளர், அவருக்குக் கீழே ஓர் அதிகாரி, அந்த அதிகாரியின் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் அது கிடக்கும். ஒன்பது நாடு என்றதும் உண்மையில் ஏழுதான். ஆனால் கமாவை இடம் மாற்றி வைக்கிறவள் ஜெயபிரியாதான். அதில் பொய்யில்லை.

வங்காள விரிகுடாவைச் சுற்றியிருக்கிற நாடுகள் ஒன்றோடொன்று எதைப் பேசுகின்றன, எதைப் பேச மறுக்கின்றன, எந்தத் துறைமுகத்தை யார் கட்டுகிறார்கள், யாருடைய மீனவனை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பேராசிரியர்கள் எழுதுகிற ஆங்கில ஆய்விதழ் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். பெயரை அச்சடிக்க அட்டையில் மூன்று வரி பிடிக்கும் என்பதால் எங்கள் ஊரில் அதற்குக் ‘குவார்ட்டர்லி’ என்றே பெயர். ஆசிரியர் அகிலாண்டேஸ்வரி, ஓய்வுபெற்ற பேராசிரியர். பூர்வீகம் தென்காசிக் கோயில் தெரு, இருப்பது சென்னை. கணினியில் பக்கம் கட்டுவது தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ‘நூர் பேஜஸ்’. அச்சடிப்பது சிவகாசி.

‘நூர் பேஜஸ்’ முதலாளி கடையநல்லூர் முகம்மது ரபீக். பதினாலு வருஷம் ஷார்ஜாவில் ஒரு அச்சகத்தில் இருந்துவிட்டு வந்தவர். போர்டில் இருப்பது அவர் மனைவி நூர்நிஷாவின் பேரில் பாதி. அங்கே பக்கம் கட்டி, பிழை பார்த்து, கடைசிக் கையெழுத்துப் போடுகிறவள் ஜெயபிரியா.

ஜெயபிரியா இலத்தூர்க்காரி. அவள் அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் இரண்டு கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தாள். ஐந்து வருஷம் அருவிக்குப் பக்கத்திலேயே படித்தவள், ஒரு நாள்கூட அருவியில் தலை கொடுத்ததில்லை. பாறை உருளும், மரக்கட்டை வரும், பாம்பு வரும், கால் வழுக்கும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பட்டியல் போடுவது அவள் சுபாவம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். கதவைப் பூட்டி நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். செங்கோட்டை மர மில்லில் வேலை பார்க்கிற அவள் புருஷன், “பூட்டு கையோட வந்துரும்ட்டி, விடு” என்பார்.

ரபீக் பாய் அவளை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். “தைரியமான பிள்ளையள நெறையப் பாத்தாச்சு. நூறு பக்கத்துல நாப்பது தப்பு. எனக்குப் பயந்த பிள்ளைதான் வேணும்” என்றார். பதினோரு வருஷமாக அவள் பயந்துகொண்டே இருக்கிறாள். குவார்ட்டர்லியில் பிழை வந்ததில்லை.

போன வருஷம் ஆடி மாதம் வரைக்கும்.

அந்த இதழின் மூன்றாவது கட்டுரை, கடலுக்கு அக்கரையில் ஒரு நாட்டிலிருந்து வந்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் என்னோடு இருக்கட்டும். நான் சொல்லிவிட்டால் இத்தனை பேர் பட்ட பாடு வீணாகிவிடும். அந்த நாட்டில் ஒரு துறைமுகம் எப்படி ராணுவத்தின் கைக்குப் போனது, அதைச் சுற்றியிருந்த மூன்று கிராமங்கள் எங்கே போயின என்பதுதான் கட்டுரை. ஏற்றுக்கொண்டு, பக்கம் கட்டி முடித்த பிறகு, ஜூன் பத்தொன்பதாம் தேதி அந்தக் கட்டுரையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அகிலாண்டேஸ்வரி அதை அப்படியே ஜெயபிரியாவுக்கு அனுப்பிவைத்தார்.

‘இங்கே நிலைமை மாறிவிட்டது. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. கட்டுரையை நிறுத்த வேண்டாம். என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர்.’

ஜெயபிரியாவுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள் உண்டு. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தப் பெயர் இதழில் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போட்டாள். உள்ளடக்கப் பக்கம், கட்டுரைத் தலைப்பு, பக்கங்களின் உச்சி, அடிக்குறிப்பு, எழுதியவர்களைப் பற்றிய குறிப்பு என்று பதினோரு இடம். பதினொன்றிலும் அகிலாண்டேஸ்வரி கொடுத்த மாற்றுப் பெயரைப் போட்டாள். பதினோரு டிக் அடித்தாள். ரபீக் பாய் பார்த்தார். சென்னையில் அகிலாண்டேஸ்வரியும் பார்த்தார். பெயர் போயிற்று. ஜெயபிரியா அன்றைக்குப் பட்டியல் தாளைக்கூடக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எறிந்தாள்.

ஆடி வெள்ளி. காலை ஒன்பது மணிக்குச் சிவகாசியிலிருந்து முன்னூற்றெண்பத்தோரு பிரதி வந்து இறங்கிற்று. உறை போட்டு விலாசம் ஒட்டி, பதினொன்றரைக்கெல்லாம் வாடகை வண்டி ஓட்டும் சுடலைமணியின் குட்டியானையில் ஏற்றித் தபால் நிலையத்துக்கு அனுப்பியாயிற்று. ரபீக் பாய் ஜும்மா தொழுகைக்குக் கடையநல்லூர் போய்விட்டார். மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜெயபிரியா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, ஆபீஸ் அலமாரிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியைக் கையில் எடுத்தாள். முடிந்த வேலையை அவள் பின்னாலிருந்து புரட்டுவது வழக்கம்.

பின் அட்டையில் அந்த இதழின் கட்டுரைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது, துறைமுகம். அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் எழுதியவர் பெயர்.

நிஜப் பெயர்.

சிவகாசியில் அட்டை முதலில் ஓடிவிடும். பெரிய தாளில் நாலைந்து பத்திரிகைகளின் அட்டையைச் சேர்த்து வண்ணத்தில் அடிப்பார்கள். அதனால் உள்பக்கத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே அட்டை போய்விடும். ஜூன் ஐந்தாம் தேதி அனுப்பியவளும் ஜெயபிரியாதான். அனுப்பிய அன்றோடு அட்டை என்பது அவள் மனசில் முடிந்துபோன வேலை. பட்டியல் போட்டபோது அவள் கண் உள்பக்கத்தை மட்டும்தான் தேடிற்று. பன்னிரண்டாவது இடம் வெளியே, ஊர் பார்க்க இருந்தது.

அவள் கை தானாகப் போய் அந்த வரியை மூடிக்கொண்டது. அறையில் யாருமில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் காட்டக்கூடாது என்பதுபோலப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த பயம், வேலை போய்விடும் என்பது. அதற்கு அவள் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள். இரண்டாவது பயம் வந்தபோது முதலாவது இருந்த இடம் தெரியவில்லை. விலாசப் பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தோராம் எண்: டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம். சந்தா கட்டி, வருஷா வருஷம் தவறாமல் வாங்குகிறவர்கள்.

ரபீக் பாய்க்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். அகிலாண்டேஸ்வரி சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்தார். அவர் போனும் அணைந்திருந்தது. லாட்ஜுக்குப் போட்டாள். “அம்மா அப்பமே அருவிக்குப் போயிட்டாவளே” என்றான் அங்கிருந்தவன்.

இணையத்தில் இதழ் ஏறுவதற்குப் பத்து நாள் இருந்தது. அதை உட்கார்ந்த இடத்திலேயே திருத்திவிடலாம். தபாலில் போனதைத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிரதியை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு இறங்கினாள். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

தபால் நிலையத்தில் சண்முகநாதன் இருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குவார்ட்டர்லியை வாங்கிக்கொள்கிறவர் அவர்தான்.

“அண்ணாச்சி, காலையில குடுத்த புக்கெல்லாம் போயிட்டா?”

“எங்க போவுது? உள்ளதான் கெடக்கு. அஞ்சு மணிக்குத்தான் பை கட்டுவோம். ஏம்மா?”

“திருப்பி வேணும் அண்ணாச்சி. எல்லாம். முன்னூத்தெண்பதும்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “என்னம்மா ஆச்சு?”

“அட்டையில ஒரு பிழை.”

“பிழைக்கா இப்படி வேத்துப்போயி நிக்கிய? எங்க ஆபீஸ் போர்டுல ரெண்டு பிழை இருக்கு. நான் ரிடையர் ஆகப்போறேன், இன்னும் திருத்தலை.”

அவளால் சிரிக்க முடியவில்லை. என்ன பிழை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயரை ஒருவரிடம் சொன்னால் இரண்டு பேருக்குத் தெரிந்ததாகிவிடும். அவள் முகத்தைப் பார்த்த சண்முகநாதன் சிரிப்பை நிறுத்தினார்.

“குடுத்ததைத் திருப்பி வாங்கலாம், அதுக்கு வழி இருக்கு. அனுப்புனவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்க படிவத்துல அகிலாண்டேஸ்வரி அம்மா கையெழுத்து இருக்கு. அதே கையெழுத்து வேணும். நீங்க போட்டா செல்லாது, பாய் போட்டாலும் செல்லாது.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ரெண்டு ஐம்பது. அஞ்சுக்கு மேல என் கையில இல்லம்மா.”

வாசலில் குட்டியானையில் சுடலைமணி காலை நீட்டிப் படுத்திருந்தான். “குற்றாலம் போவணும்” என்று ஏறி உட்கார்ந்தாள்.

“நீங்களா? குற்றாலத்துக்கா?” அவன் எழுந்து உட்கார்ந்தான். “அக்கா, தண்ணி விழும் அங்க. தெரியும்லா?”

“வண்டிய எடுலே!”

பதினோரு வருஷத்தில் அவள் அவனை ‘லே’ போட்டுக் கூப்பிட்டதில்லை. சுடலைமணி சட்டென்று வண்டியைக் கிளப்பினான். சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே செவ்வந்தி மாலை போட்ட சுடலைமாடன் படம். ஜெயபிரியா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேண்டிக்கொள்ள வார்த்தை கூடிவரவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்த இரண்டு வாக்கியமும்தான் வந்தன. அவளே புள்ளி வைத்துப் பக்கம் கட்டினமாதிரி வரிசையாக வந்தன.

வண்டி போகக்கூடாது என்று தடுப்பு வைத்திருந்த இடத்தில் ஒரு போலீஸ்காரர் முன்கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தடுப்பை இழுத்து வழிவிட்டார். “பாத்தியளா அக்கா, நம்ம மூஞ்சிக்கு ஒரு மரியாதை” என்றான் சுடலைமணி. அவள் அதற்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் தேய்த்த முதுகுகள். ஈரச் சேலைகள். மிளகாய் பஜ்ஜி வாசனை. அருவியை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போனபோது அது பார்க்கிற பொருளாக இல்லை. நெஞ்சுக்குள் வந்து இடித்தது. அன்றைக்குத் தண்ணீர் அறுபது பனை உயரத்திலிருந்து விழுந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். குற்றாலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கீழே நிற்கிறவளுக்கு அறுபதும் ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான்.

பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மேடம்! மேடம்!” என்று கத்தினாள். அருவிக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அகிலாண்டேஸ்வரி காதில் மெஷின் வைத்திருப்பவர். கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. இரண்டையும் கழற்றி லாட்ஜில் வைத்துவிட்டுத்தான் குளிக்க வந்திருப்பார். இனிக் கூப்பிட்டுப் பயனில்லை. போய்த் தொட வேண்டும்.

கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கம்பியை விட்டாள்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலையில். யாரோ ஆள் உயரத்திலிருந்து நெல் மூட்டையைப் போட்டமாதிரி இருந்தது. மூச்சு விட வாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்தால் வெள்ளையாக இருந்தது. பாறை பாசியில் நழுவிற்று. அவள் பட்டியலில் இருந்த அத்தனையும் அந்த நிமிஷத்தில் அவள் காலடியில் இருந்தன, பாம்பைத் தவிர. ஒரு கிழவியின் கையைப் பிடித்தாள். அது வேறு கிழவி. “ஏட்டி, யாருட்டி நீ?” என்று அந்தக் கிழவி அவள் தலையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் தள்ளினாள், நன்றாகக் குளிக்கட்டும் என்று. அடுத்ததாக ஒரு தோள். காதுக்குப் பின்னால் மெஷின் அழுந்தின தடம். அதைப் பிடித்தாள்.

அகிலாண்டேஸ்வரி திரும்பி, சுருங்கின கண்ணால் பார்த்து, சந்தோஷமாக ஏதோ சொன்னார். ‘நீயும் வந்துட்டியா’ என்பதாக இருக்கும்.

அந்த நேரத்தில் சைரன் ஊதிற்று.

தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. மேலே மலையில் மழை. போலீஸ் விசில் நாலு பக்கமும் கேட்டது. “வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!” ஒரே சமயத்தில் முன்னூறு பெண்கள் கம்பியைப் பார்த்து வந்தார்கள். ஜெயபிரியாவுக்குக் கால் தரையில் இருந்ததா என்று தெரியவில்லை. எழுபது வயசுக்காரியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இந்தக் கையெழுத்து போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். மனுஷியை நினைக்கவில்லை, கையெழுத்தைத்தான் நினைத்தாள். பயம் அப்படியும் ஆக்கும்.

படிக்கட்டு ஏறி, ஒரு எண்ணெய்க் கடையின் ஓரத்தில் நின்று, மூன்று பையையும் பிரித்தாள். பிரதி காய்ந்தே இருந்தது. வாயால் ஒன்றும் சொல்லாமல், அகிலாண்டேஸ்வரியின் விரலைப் பிடித்து மூன்றாவது வரியின் மேல் வைத்தாள்.

அவர் அட்டையை மூக்கு தொடுகிற அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படித்தார். ஈரத்தில் சிவந்திருந்த முகம் சாம்பல் பூத்தது.

“எத்தனை போயிருக்கு?” ஜெயபிரியா கடிகாரத்தையும் தென்காசித் திசையையும் காட்டி, அவர் காதோடு வாய் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளைத் திட்டவில்லை. “அட்டைய அப்ரூவ் பண்ணினது நான்” என்றார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். சேலை சொட்டச் சொட்ட, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் நடந்தார்.

வண்டிக்குள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சைரன் கேட்டு ஊரே கிளம்பிவிட்டதால் தென்காசி ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. மணி நாலு இருபது. சுடலைமணி பின்னால் எடுத்து, காசிமேஜர்புரத்துக்குள் திரும்பி இலஞ்சி வழியாகப் போனான். அவன் அன்றைக்கு ஓட்டின ஓட்டத்தில் இலஞ்சிக் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. இதையும் முழுசாக நம்ப வேண்டாம்.

“இருபது வருஷமா இதை நடத்தறேன்” என்றார் அகிலாண்டேஸ்வரி, யாரிடமும் இல்லாமல். காது கேட்காததால் சத்தமாகப் பேசினார். “யாராவது படிக்கறாளான்னுதான் கவலைப்பட்டிருக்கேன். யாராவது படிச்சுடப்போறாளேன்னு இன்னிக்குத்தான்.” பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. குளிரா பயமா என்று ஜெயபிரியாவால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குத் தபால் நிலையம். வரிசையில் நின்றவர்கள் தானாக ஒதுங்கினார்கள். சண்முகநாதன் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஜெயபிரியா எழுதினாள், அகிலாண்டேஸ்வரி கையெழுத்துப் போட்டார். படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சண்முகநாதன் தலையைச் சொறிந்தார்.

“அம்மா, தப்பா நினைக்கக்கூடாது. இது கோழி கிண்டுன மாதிரி இருக்கு. அது வேற, இது வேற.”

“என்ன சொல்றார்?”

“கையெழுத்து சேரலையாம்!” என்று ஜெயபிரியா அவர் காதில் கத்தினாள்.

இரண்டாவது கையெழுத்து முதலாவதைவிட மோசமாக இருந்தது. மணி நாலு ஐம்பத்தாறு. சண்முகநாதன் எழுந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, தன் பிளாஸ்கிலிருந்து மூடி நிறைய வெந்நீர் ஊற்றி அகிலாண்டேஸ்வரியின் இரண்டு கைக்கும் நடுவில் வைத்தார். “குடிக்காதிய. சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க.” மூன்று பேரும் அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒருவன், “சார், கட்டிரலாமா?” என்றான். “இருலே” என்றார் சண்முகநாதன்.

மூன்றாவது கையெழுத்து, நாலு ஐம்பத்தொன்பது. அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

மூட்டைகளைப் பிரித்து விலாசப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். நாற்பத்தோராம் எண் இரண்டாவது மூட்டையிலேயே கிடைத்தது. ஜெயபிரியா அதைத் தனியாக எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மூடினதும்தான் அவளுக்கு ஒரு முழு மூச்சு வந்தது. அந்த மூச்சு ரொம்ப நேரம் நிற்கவில்லை. கடைசி மூட்டை முடிந்தபோது, கைப்பையில் இருந்ததையும் சேர்த்து முன்னூற்றெழுபத்தொன்பதுதான் இருந்தது.

மறுபடி எண்ணினார்கள். முன்னூற்றெழுபத்தொன்பது.

“காலையில முன்னூத்தெண்பதுன்னுதானே எழுதிருக்கு?”

“நீங்க எழுதுனதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். எப்பவும் சரியாத்தானே இருக்கும்” என்றார் சண்முகநாதன். அவர் முகத்திலும் இப்போது பயம் ஏறியிருந்தது.

ஒரே ஒரு பிரதி. யார் கையில், எந்தப் பையில், எந்த ரயிலில்? அந்தப் பெயர் யார் கண் முன்னால்? ஜெயபிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர்.

வாசலில் நின்ற சுடலைமணி உள்ளே எட்டிப் பார்த்தான். “என்னக்கா, எண்ணிக்கை இடிக்குதா?” என்றான். “அது ஒண்ணு என்கிட்டல்லா இருக்கு. காலையில மேல இருந்த பாக்கெட்டு சாரல்ல நனைஞ்சு உறை கிழிஞ்சு போச்சி. நனைஞ்சதைக் குடுத்தா நமக்குத்தான அசிங்கம்? காயட்டும்னு எடுத்து வச்சேன்.”

“எங்கலே வச்ச?”

“சாமி படத்துக்குப் பின்னால. கண்ணாடியில சாச்சு.”

ஜெயபிரியா வெளியே ஓடினாள். குட்டியானையின் முன்கண்ணாடியில், சுடலைமாடன் படத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, பின் அட்டை ஊரைப் பார்த்து நின்றது. மூன்றாவது வரி தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்ல அஞ்சி அவள் பொத்திவைத்த பெயர், அவள் கண்ணுக்கு மட்டும் மறைந்துகொண்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் போய், இலஞ்சி சுற்றி ஊர்வலம் வந்திருந்தது. தடுப்பை விலக்கின போலீஸ்காரர் அதை ஏதோ அரசாங்கப் பாஸ் என்று நினைத்துத்தான் வழிவிட்டார். அந்தப் பிரதியும் ஏதாவது தூதரகத்துக்குப் போக வேண்டியது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போக வேண்டியது அது.

அன்று சாயங்காலமே ரபீக் பாய் வந்து, தன் கையால் முன்னூற்றெண்பத்தோரு பின் அட்டையையும் கிழித்தார். ஆபீஸ் பிரதியைச் சேர்த்துத்தான். கட்டிங் மெஷினில் கொடுத்து, தொட்டித் தண்ணீரில் கூழாகக் கரைத்தார்கள். மறுநாள் ஜெயபிரியா பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய், அச்சகத்தில் மிச்சம் கிடந்த அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். புது அட்டை ஓடி, தைத்து, இதழ் பதினோரு நாள் தாமதமாகப் போயிற்று. அக்கரையில் இருக்கிற அந்தக் கட்டுரையாளர் விஷயமெல்லாம் கேள்விப்பட்டுக் கண்ணீரும் கம்பலையுமாகப் பத்துப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். கூடவே ஜெயபிரியாவுக்கு அந்த நாட்டுப் பட்டு ஒன்றும் அனுப்பிவைத்தார்.

இது வரைக்கும் நான் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஜெயபிரியா, பென்சிலால் கடைசி இரண்டு வரிக்கும் அடியில் கோடு போட்டாள்.

“கடிதமும் வரலை, பட்டும் வரலை, ஆச்சி. அவருக்கு நாங்க சொல்லவே இல்லை. சொன்னா இனி எந்தப் பத்திரிகைக்கும் எழுதப் பயந்துருவாவன்னு மேடம் சொல்லிட்டாவ. இதழ் போன பெறகு அவர்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்துது, அவ்வளவுதான். மூணு வரி. ‘பதினோரு நாள் தாமதம், ஒரு விளக்கமும் கிடையாது, உங்கள் அலுவலகத்தில் பொறுப்பான ஆட்களே இல்லையா’ன்னு. அதை நான் நாலு தடவை படிச்சேன். பெறகு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். அப்படி மாத்திருங்க.”